பிடித்துத் தைத்த கவுன்

பொத்தான் அக்காவுக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது என்று அந்தக் கட்டடத்தில் நாலு பேர் சத்தியம் செய்வார்கள். எதிர்வீட்டுக்காரி புது ஃப்ரிட்ஜ் வாங்கினால் முதல் ஆளாகப் போய்ப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, "நல்லா இருக்கு, ராசியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வருவாள். கூட வேலை பார்த்தவள் சொந்தமாகக் கடை போட்டபோது, தன்னிடம் இருந்த நல்ல கத்தரியைத் தூக்கிக் கொடுத்தாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் முப்பத்தாறாவது வயதில், ஒரு பிளாஸ்டிக் வாளியின் மேல் பொறாமை வந்தது. சரியாகச் சொன்னால், அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்காருகிறவள் மேல். வந்த பொறாமையும் சும்மா வந்து போகிற பொறாமையா? உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற பொறாமை.

பதினேழு வயதில் சட்டைக் கம்பெனிக்குப் போனவள் அவள். பொத்தான் பிரிவு. அங்கே மேற்பார்வை பார்க்கிறவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். கை சும்மா இருந்தால் போச்சு. பதின்மூன்று வருடம் அந்தப் பார்வையில் வெந்தவளுக்கு, கை ஒன்று செய்யும்போது கால் இன்னொன்று செய்யும், வாய் மூன்றாவது செய்யும். ஒரு சட்டைக்குப் பொத்தான் முடிகிற நேரத்தில் மற்றவர்கள் நூல் கோத்துக்கொண்டிருப்பார்கள். பொத்தான் அக்கா என்ற பெயர் அப்போது ஒட்டியது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருக்கிறது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊர் முழுக்க இருக்கிற மாடிகளுக்கு ஆளை ஏற்றி இறக்குகிற மனிதன் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. "செருப்புத் தைக்கிறவன் வெறுங்காலோட போற மாதிரிதான்" என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொள்வான். அவர்களுக்குப் பிறந்த பெண் ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததைப் பார்த்து அவன், "பட்டாணி மாதிரி இருக்காளே" என்றான். அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. இந்தக் குடும்பத்தில் எல்லாப் பெயரும் அப்படித்தான் ஒட்டும்.

பட்டாணிக்குக் கழுத்து சரியாக நிற்கவில்லை. நடக்கவில்லை, பேசவில்லை. அவ்வப்போது வலிப்பு வந்தது. மெல்லத் தெரியாது, விழுங்குவதே பெரும்பாடு. ஆனால் சிரிப்பு இருந்தது. விக்கல் மாதிரி, இரண்டு தரம் உள்ளே இழுத்து ஒரு தரம் வெளியே விடுகிற சிரிப்பு. கம்பெனி வேலையை விட்டுவிட்டு அக்கா முன்னறையிலேயே மெஷின் போட்டாள். புதுத் துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும். இடுப்பில் பிடிப்பது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள், பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவாள். ஊரில் யார் உடம்பு ஏறுகிறது, யார் உடம்பு இறங்குகிறது என்பது டாக்டருக்கு முன்னால் இவளுக்குத் தெரியும்.

பட்டாணிக்கு ஒரு நாற்காலி செய்தாள். துணி வெட்டுகிற மேஜையின் உயரத்துக்கு, நாலு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்து, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் வார் வைத்து. பிள்ளை எந்நேரமும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த நாற்காலி. அதன் பக்கத்தில் நின்றபடி ஒரு கரண்டி ஊட்டுவாள், மெஷினுக்குப் போய் ஒரு ஓரம் அடிப்பாள், திரும்பி வந்து இன்னொரு கரண்டி. பட்டாணிக்குப் புரை ஏறும், இருமும், பாதி வெளியே வரும். ஒரு கிண்ணம் கூழுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அதிலும் பாதி துண்டுக்குத்தான் போகும். உலகத்தில் எல்லா வேலையையும் வேகமாகச் செய்யத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு வேலை மட்டும் வசப்படவில்லை. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இவள் கிண்ணத்தை மாற்றினாள், கரண்டியை மாற்றினாள், கடைசியில் கூழ் அரைக்கிற மிக்ஸியையும் திட்டினாள்.

இப்படியே ஆறு வருடம். ஆள் என்ன இரும்பா? ஒரு நாள் காலையில் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மூட்டையோடு உட்கார்ந்தவள் மெஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். எழுந்தபோது மதியம் தாண்டியிருந்தது. பட்டாணி நனைந்த துணியிலேயே அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தது. அழக்கூட இல்லை. அந்த வாரம் இடுப்பெலும்புப் பக்கம் ஒரு புண் வந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரித் திட்டம் ஒன்றிலிருந்து மாதா மாதம் வீட்டுக்கு வந்து எடை பார்க்கிற நர்சம்மா அதைப் பார்த்தார். தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி வருகிற, ஐம்பது தாண்டிய அம்மா. திட்டவில்லை. புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, "வாரத்துல மூணு மதியம் ஒரு பொண்ணை அனுப்புறேன். அவ பார்த்துக்குவா, நீங்க படுங்க, வெளிய போங்க, என்னமோ பண்ணுங்க" என்றார்.

"என் புள்ளைய நான் கவனிக்கலன்னு சொல்றீங்களா?"

"யாரும் சொல்லலம்மா. நாளைக்கு யாரும் சொல்ற மாதிரி ஆகிடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடே. இப்படிப் புள்ளைங்க இருக்கிற வீட்டுல அம்மா விழுந்தா புள்ளையும் சேர்ந்து விழும். நீங்க விழுறதுக்கு முன்னாடி பிடிச்சுக்கிறோம், அவ்வளவுதான்."

அப்படி வந்தவள்தான் மாத்தாள். ஒருவர் ஓய்வெடுக்கும்போது அவர் இடத்தில் நிற்கிறவளுக்கு அந்தத் திட்டத்தில் அதுதான் பெயர். இருபத்து நாலு வயது இருக்கும். ஒல்லி. நடையைப் பார்த்தால் பக்கத்தில் போகிற எறும்பு முந்திக்கொள்ளும். பேச்சு அதைவிட மெது. முதல் நாள் மதியம் ஒன்றரைக்கு வந்து, செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, அறையை ஒரு சுற்றுப் பார்த்து, "அக்கா, ஒரு வாளி இருக்கா?" என்றாள்.

"எதுக்கு? துணி துவைக்கிற வேலையெல்லாம் உனக்கில்ல."

"இல்லக்கா, சும்மா."

குளியலறையிலிருந்து நீல வாளியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தைத்த துணிகளைக் கொடுத்து வரக் கிளம்பினாள் அக்கா. நாலரைக்குத் திரும்பியபோது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. வாளியும் நாற்காலிக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்தது. சாப்பாட்டுக் கணக்கு எழுத நர்சம்மா சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்த நோட்டில், பள்ளிக்கூடப் பிள்ளை கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "முழுக் கிண்ணம். நாற்பது நிமிஷம். இருமல் இல்லை."

முதல் நாள் நம்பவில்லை. மீதியைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டியிருப்பாள் என்று நினைத்தாள். தொட்டியின் அடைப்பைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. புதன்கிழமையும் முழுக் கிண்ணம். வெள்ளிக்கிழமையும் முழுக் கிண்ணம். மாதக் கடைசியில் நர்சம்மா வந்து எடை பார்த்தார். பதினோரு கிலோ. "நானூறு கிராம் ஏறியிருக்கே" என்று அந்த அம்மா பட்டாணியின் கன்னத்தைக் கிள்ளினார். அக்காவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? பெற்ற பிள்ளை எடை ஏறியதற்குச் சிரிக்காதவள் தாயா? ஆனால் சிரித்து முடித்ததும் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்றது.

அதற்கு எண்ணெய் ஊற்ற வீட்டிலேயே ஆள் இருந்தது. "இந்தா பாரு, அந்தப் பொண்ணு மாடிப்படி ஏறும்போதே நம்ம பட்டாணி தலையைத் திருப்புது" என்றான் லிஃப்ட் மெக்கானிக் ஒரு விடுமுறை மதியம். கண்ணாடி மாதிரி மனசு அவனுக்கு, உள்ளே ஒன்றும் இல்லை. "நான் ஆறு வருஷமா ஏறி இறங்குறேன், ஒரு நாள் திரும்பினதில்ல."

"ஆமாங்க, நானும் ஆறு வருஷமா இங்கயேதான் கிடக்கேன். எனக்கு யாரு திரும்புறா?" என்றாள் அக்கா. அவன் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தான். ஆண்பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் காது கொஞ்சம் மந்தம்.

அன்றிலிருந்து மாத்தாள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். செருப்பை ஏன் அந்த ஓரத்தில் வைக்கிறாள்? துண்டை ஏன் மூன்றாக மடிக்கிறாள்? கழுத்து மடிப்பை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டுகிறாளே, இவள் வருவதற்கு முன் பிள்ளை அழுக்காகவா இருந்தது? எல்லாவற்றையும்விட அந்த வாளி. அவள் வந்து போகிற நாளெல்லாம் நாலரைக்கு அதை நிமிர்த்தி, குளியலறையில் தொம்மென்று வைக்கும்போது அக்காவின் பல் நறநறத்தது. குளிக்கிற வாளியில் உட்காருகிறாளாம், மகாராணி. ஒரு தடவை வாசல் வரை போனவள் காதில், உள்ளேயிருந்து அந்த விக்கல் சிரிப்பு கேட்டது. இரண்டு தரம் இழுத்து ஒரு தரம் விட்டு. தனக்கு மட்டுமே வருகிற சிரிப்பு என்று நினைத்திருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, சரி. ஆனால் அந்தப் பொன் குஞ்சு பக்கத்து மரத்துக் காக்கையைப் பார்த்து வாய் திறந்தால் காக்கை என்ன செய்யும்?

இந்தக் காக்கை பால் காய்ச்சியது.

ஒரு திங்கட்கிழமை பன்னிரண்டரை மணிக்கு, பாலில் சர்க்கரையை அள்ளிப் போட்டு, நாலு பிஸ்கட்டை ஊறவைத்துக் குழைத்து, பட்டாணிக்கு ஊட்டினாள். இனிப்பு. பட்டாணி நாக்கைச் சப்புக்கொட்டி வாங்கிக்கொண்டது. இருமல் கொஞ்சம்தான். பத்து நிமிஷத்தில் கிண்ணம் காலி, கூடவே அந்தச் சிரிப்பும் வந்தது. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பார்த்தியாடி, அம்மா கொடுத்தா சாப்பிடுவே இல்ல" என்றாள்.

ஒன்றரைக்கு மாத்தாள் வந்தாள், வாளியைக் கவிழ்த்தாள், எண்ணெயும் பால்மாவும் பருப்பும் சேர்த்து நர்சம்மா சொன்னபடி அரைத்த கூழை எடுத்தாள். வயிறு நிறைந்த பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டது. அன்று நோட்டில் "பாதிக் கிண்ணம்" என்று இருந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது என்பதை மறைக்க என்ன இருக்கிறது? இருந்தது.

அவள் பிள்ளையைப் பட்டினி போட நினைத்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படிச் சொன்னால் அவள் செருப்பால் அடிப்பாள், அடிக்கவும் வேண்டும். என் கையால் என் பிள்ளைக்குக் கொடுக்கிறேன், இதில் என்ன தப்பு என்றுதான் அவள் கணக்கு. அடுத்த புதனும் பால் பிஸ்கட். பிறகு மாத்தாள் வராத நாட்களிலும் அதுவே. கூழோடு மல்லுக்கட்டி, இருமவிட்டு, துடைத்து, ஒன்றேகால் மணி நேரம் அல்லாடுவதற்கு இது எவ்வளவோ மேல். பத்து நிமிஷம், ஒரு சிரிப்பு. நோட்டில் "பாதி" என்பது "கால்" ஆனது. ஒரு நாள் "இரண்டு கரண்டி" என்று மட்டும் இருந்தது. ஏன் என்று மாத்தாள் ஒரு வார்த்தை எழுதவில்லை, கேட்கவும் இல்லை. கழுத்து மடிப்பைத் துடைக்கும்போது மட்டும் ஒரு நாள் துணியை விரித்து எதையோ பார்த்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டாள்.

நடுவில் ஒரு மாதம் நர்சம்மாவுக்குக் கால் சுளுக்கு, மாடி ஏற முடியவில்லை. அடுத்த மாதம்தான் வந்தார். வெள்ளிக்கிழமை மதியம், மாத்தாளும் இருந்தாள். கதவு நிலையில் கொக்கியை மாட்டி, தராசைத் தொங்கவிட்டு, துணித் தொட்டிலைக் கோத்தார். "கவுனைக் கழட்டிடும்மா, வெறும் உடம்பாப் பார்ப்போம்."

அக்கா கவுனைக் கழற்றி மேஜையில் போட்டாள். மாத்தாள் பட்டாணியைத் தூக்கித் தொட்டிலில் வைத்தாள். முள் ஆடி நின்றது. நர்சம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பத்து கிலோ முந்நூறு."

அவர் சுவரிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். முழு, முழு, முழு. பிறகு பாதி, கால், இரண்டு கரண்டி. புரட்டப் புரட்ட அந்த அம்மா முகம் மாறியது.

"என்னம்மா இது?" என்றார் மாத்தாளிடம். "முதல் மாசம் நல்லாத்தானே ஊட்டின. இப்ப என்ன ஆச்சு?"

மாத்தாள் தொட்டிலை ஒரு கையால் பிடித்தபடி நின்றாள். "சாப்பிடல நர்சம்மா."

"ஏன் சாப்பிடல?"

"தெரியல."

"தெரியலன்னா எப்படி? எழுநூறு கிராம் போயிருக்கு. இன்னும் இறங்கினா வயித்துல துளை போட்டுக் குழாய் வைக்கணும்பாங்க டாக்டர். தெரியலன்னு அங்க போய்ச் சொல்ல முடியுமா?" நர்சம்மா நோட்டை மூடினார். அக்கா பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பு எங்க மேலதான்ம்மா. சின்னப் பொண்ணு, பொறுமை போயிடுச்சு போல. இவள மாத்திடுறேன். வேற ஆளு கிடைக்க ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் எப்படியாவது சமாளிச்சுக்கங்க."

அக்காவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரு மூச்சு நேரம், பொய் சொல்வானேன், உள்ளே ஒரு துள்ளல் துள்ளியது. வாளி போகிறது. செருப்பு போகிறது. மூன்றாக மடித்த துண்டு போகிறது. இனி மாடிப்படிச் சத்தத்துக்குத் திரும்ப யாரும் இல்லை.

கை சும்மா இருந்து பழக்கமில்லை அவளுக்கு. மேஜையில் கிடந்த கவுனை எடுத்து உதறினாள். மடிக்கப்போனவள் உள்பக்கம் திருப்பினாள். பார்த்தாள்.

பக்கவாட்டில் மூன்று தையல் ஓடியது. ஓரத்தில் ஓடுகிற முதல் தையல், கவுன் புதிதாகத் தைத்தபோது போட்டது. அதற்குள்ளே கால் இஞ்சில் ஒன்று. அதற்கும் உள்ளே கால் இஞ்சில் இன்னொன்று. இரண்டு பக்கமும் அப்படியே.

பிடித்திருக்கிறாள். தன் கையாலேயே, இரண்டு தடவை. எப்போது? போன மாதம் ஒரு தரம், யாருடைய பாவாடைக்கோ இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தபோது, கவுன் தோளில் வழிகிறதே என்று அதே நூலில் இதையும் ஓட்டிவிட்டாள். போன வாரம் மறுபடி வழிந்தது, மறுபடி ஓட்டினாள். இரண்டு நிமிஷ வேலை. வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிறவர்கள் உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பிரித்து விடுவார்கள். பிரித்து விட வேண்டிய கவுனை இவள் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஊரில் எவள் இளைத்தாலும் கண்ணால் பார்த்தே இஞ்சு சொல்கிறவள், தன் பிள்ளை இளைத்ததற்கு அளவாகத் தைத்துப் போட்டிருக்கிறாள். கைக்குத் தெரிந்திருக்கிறது. அவள்தான் கையைக் கேட்கவில்லை.

தொட்டிலில் பட்டாணியின் முதுகெலும்பு துணி வழியாகப் புடைத்துத் தெரிந்தது. அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அவள மாத்தாதீங்க" என்றாள்.

"என்னம்மா?"

"அவ மேல தப்பு இல்ல. நான்தான்." சொல்லிவிட்டால் இந்த அம்மா எழுதுவார், மேலே அனுப்புவார், பெற்றவளே பிள்ளைக்குச் சோறு சேரவிடாமல் செய்தாள் என்று ஒரு காகிதத்தில் ஏறும், நாளைக்குப் பிள்ளையை யாரிடமாவது கொடு என்றாலும் கொடுக்க வேண்டியதுதான். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. கவுனை மடியில் வைத்து அந்த மூன்றாவது தையலை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள். "அவ வர்றதுக்கு முன்னாடி நான் பாலும் பிஸ்கட்டும் கொடுத்து வயித்த நிரப்பிடுவேன். அவகிட்ட சாப்பிடக் கூடாதுன்னு. என்கிட்ட மட்டும் சாப்பிடணும்னு. பொறாமை நர்சம்மா. பச்சையாச் சொல்றேன், எனக்குப் பொறாமை. அவகிட்ட சிரிக்கிறா, அவளுக்குத் திரும்புறா, அவகிட்ட இருமாம சாப்பிடுறா. எனக்கு வயிறு எரியுது. இப்பவும் எரியுது."

நர்சம்மா மெதுவாகப் பட்டாணியைத் தொட்டிலிலிருந்து எடுத்து மாத்தாளிடம் கொடுத்தார். "உனக்குத் தெரியுமா இது?" என்று அவளைக் கேட்டார்.

மாத்தாள் பட்டாணியைத் துண்டில் சுற்றினாள். "கழுத்து மடிப்புல பிஸ்கட் தூள் இருக்கும்."

"தெரிஞ்சும் ஏன் நோட்டுல எழுதல?"

"எழுதினா அக்கா பேரு கெட்டுடும். மாத்தாள மாத்திக்கலாம் நர்சம்மா. அம்மாவ மாத்த முடியாதே." சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அக்காவே நிறுத்திடுவாங்கன்னு நினைச்சேன். இவ்வளவு இறங்கும்னு தெரியல. என் மேலயும் தப்புதான்."

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கிட்டீங்க. நடுவுல இவ இளைச்சா" என்றார் நர்சம்மா. இந்த முறை குரலில் கோபம் இருந்தது, இருக்க வேண்டிய அளவுக்கு இருந்தது. பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எழுதுங்க" என்றாள் அக்கா. "எல்லாத்தையும் எழுதுங்க."

"எழுதத்தான் போறேன். ஒளிச்சு வைக்க மாட்டேன். நடந்ததை எழுதுவேன், நீங்களாச் சொன்னதையும் எழுதுவேன். இனி மாசத்துக்கு ஒரு தரம் இல்ல, வாரா வாரம் வந்து எடை பார்ப்பேன்." எழுதிக்கொண்டே கேட்டார். "நீங்க கூழ் ஊட்டினா மட்டும் ஏன் இருமுறா? அது என்னன்னு பார்த்தீங்களா?"

அக்காவுக்குத் தெரியவில்லை. மாத்தாள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நாற்காலி உயரத்தைப் பார்த்தாலே தெரியுது, அக்கா நின்னுக்கிட்டு ஊட்டுறாங்க நர்சம்மா. மேல இருந்து கரண்டி வருது. இவ அக்கா முகத்தைப் பார்க்கணும்னு தலையை அண்ணாக்கத் தூக்குறா. தூக்கினா தொண்டையில நேரா இறங்கிப் புரை ஏறிடும். நான் கீழ உட்கார்ந்துக்குவேன். குனிஞ்சு பார்த்தா நல்லா விழுங்குறா."

"அதுக்கா அந்த வாளி?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. உங்க வீட்டு ஸ்டூல் எல்லாம் உயரம்."

அக்கா வாளியைப் பார்த்தாள். ஆறு வருடமாகப் பிள்ளை இருமியது கூழ் பிடிக்காமல் அல்ல. அம்மா முகத்தைப் பார்க்க. அவளோ, ஒரு கண்ணை மெஷின் மேல் வைத்துக்கொண்டு, அந்தப் பார்வையை ஒரு தரம்கூட நின்று வாங்கிக்கொள்ளவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாத்தாள் பிள்ளையோடு பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவான ஆளுக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு, அவசரப்பட்டு ஆறுதல் சொல்ல மாட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் கதை கேட்பவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்படி எல்லாம் ஆகவில்லை. முதல் வாரம் நூறு கிராம் இன்னும் இறங்கியது. இனிப்புக்குப் பழகிய நாக்கு கூழைத் துப்பியது. வாளியில் உட்கார்ந்தால் அக்காவுக்கு முதுகு வலித்தது, கை தானாக மெஷின் பக்கம் போனது. மாத்தாள் வருகிற நாட்களில் பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்துக் கற்றுக்கொள்ளவும் செய்தாள், பார்த்து எரியவும் செய்தாள். "கரண்டியை இவ்வளவு நேரமா வாய் முன்னாடி வச்சிருப்பாங்க?" என்று ஒரு நாள் வெடுக்கென்று கேட்டாள். "அவளா திறக்கட்டும்க்கா" என்றாள் மாத்தாள். லிஃப்ட் மெக்கானிக்கும் ஒரு நாள் வாளியில் உட்கார்ந்து பார்த்தான், வாளி ஒரு பக்கம் விரிசல் விட்டது. அடுத்த நாள் ஏதோ வேலை நடந்த இடத்திலிருந்து பலகை கொண்டுவந்து, அதே உயரத்துக்கு ஒரு முக்காலி அடித்துக் கொடுத்தான். மூன்றாம் வாரம் முள் கொஞ்சம் ஏறியது. ஏழாம் வாரம் பதினோரு கிலோ. பத்தாம் வாரம் பதினொன்றே கால்.

அந்தப் பத்தாம் வாரத்து வியாழக்கிழமை. மாத்தாள் வராத நாள். அக்கா மெஷினின் சுவிட்சை அணைத்தாள், வாசல் கதவில் "மூன்று மணிக்கு வரவும்" என்ற அட்டையை மாட்டினாள், முக்காலியில் உட்கார்ந்தாள். பட்டாணி மேலேயிருந்து குனிந்து அவளைப் பார்த்தது. கரண்டியை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கம்பெனிக்காரர் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார், அவ்வளவு நேரம் அந்தக் கை சும்மா இருந்தது. பட்டாணி வாயைத் திறந்தது. விழுங்கியது. மறுபடி குனிந்து பார்த்தது. இரண்டு தரம் உள்ளே இழுத்து ஒரு தரம் வெளியே விட்டுச் சிரித்தது. ஐம்பது நிமிஷத்தில் கிண்ணத்தின் அடி தெரிந்தது. இருமல் இல்லை.

அக்கா வாயைத் துடைத்துவிட்டாள், கழுத்து மடிப்பையும் துடைத்தாள், துண்டை மூன்றாக மடித்தாள். அப்போது யாரோ மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. பட்டாணி தலையைக் கஷ்டப்பட்டுத் திருப்பி வாசலைப் பார்த்தது. சத்தம் இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டது. பட்டாணி அப்புறமும் பார்த்துக்கொண்டே இருந்தது.

பொத்தான் அக்காவுக்கு வயிறு எரிந்தது. பழைய எரிச்சல், அதே இடம், ஒரு குறையும் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான். ஒரு வயிறு எரிந்தால் எரியட்டும், இன்னொரு வயிறு நிறைந்திருந்தது.

"இன்னைக்கு வியாழன்டி" என்றாள். "உன் ஆளு நாளைக்குத்தான் வருவா."

பிளேடை எடுத்து, துவைத்து மடித்திருந்த அந்தக் கவுனை உள்பக்கம் திருப்பி, மூன்றாவது தையலை இரண்டு பக்கமும் பிரித்தாள். நூலைப் பொறுக்கிப் போட்டாள். பிறகு சுவரிலிருந்து நோட்டை எடுத்தாள். நாளைக்கு அந்தப் பெண் வந்ததும் முதல் வேலையாக இதைத்தான் படிப்பாள் என்று அவளுக்குத் தெரியும். "முழுக் கிண்ணம். ஐம்பது நிமிஷம். இருமல் இல்லை" என்று எழுதினாள். அதோடு மூடி வைத்திருக்கலாம். மூடவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினாள்.

"சாப்பிட்டு முடிச்சதும் வாசலைப் பார்த்தா. உன்னைத்தான் தேடினா."